சாதுவானதெல்லாம் நத்தாருக்கு

எனக்கு ஓரிடத்தில் இருக்கத் தெரியாது. கோயிலில் பூசை முடிவதற்குள் நாலு தரம் எழும்பி இருந்துவிடுவேன். அடுப்பில் சோறு கொதிக்கும்போதே வளவு கூட்டப் போய்விடுவேன். கூட்டி முடிவதற்குள் கிணற்றடியில் நிற்பேன். கோபமும் அப்படித்தான், மூக்கு நுனியில் இருக்கும். என் தாய் சாகும்வரை சொல்லிக்கொண்டே இருந்தா, "உனக்குக் காலிலை சில்லுப் பூட்டி விட்டிருக்கு" என்று. இன்றைக்கும் இதை எழுதுவதற்கு நடுவில் மூன்று முறை எழும்பிப் போய் வாசலைப் பார்த்துவிட்டு வந்துவிட்டேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் கிளிநொச்சிக் குடியேற்றத் திட்டத்தில் எங்களுக்கு ஒரு காணி கிடைத்தது. அதற்கு முன் மூன்று வருடம் மன்னார்க் கரையில், இவருடைய மூத்த அண்ணன் வீட்டில் இருந்தோம். நல்ல மனிதர்கள்தான், குற்றம் சொல்ல மாட்டேன். ஆனால் அந்தக் குசினியில் கறிக்கு உப்புப் போடுவதற்கும் ஒருவரைக் கேட்க வேண்டும். கேட்டுப் போட்டாலும் கூடிப் போச்சு என்பார்கள். காணி கிடைத்த அன்று நான் கத்தி அழுதேன். சந்தோசத்தில்தான் அழுதேன், ஆனால் பார்த்தவர்கள் யாரோ செத்துப்போனதாக நினைத்தார்கள்.

காணி வாய்க்காலின் கடைசியில் இருந்தது. மேலே இருக்கிறவர்களுக்கெல்லாம் பாய்ந்து மிஞ்சினால்தான் எங்களுக்குத் தண்ணீர். நெல் ஒரு போகம் வரும், அடுத்த போகம் கைவிரிக்கும். எங்களைத் தாங்கியது பன்றிகள். அந்த வாய்க்கால் நெடுகிலும் வேதக்காரர், மாதா கோயிலுக்குப் போகிறவர்கள், நாங்கள் மட்டும்தான். மற்ற எல்லோரும் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்த சைவக் குடும்பங்கள். பக்கத்து வயல்காரர் பன்றி என்ற சொல்லைக்கூட வாயில் எடுக்க மாட்டார். "உங்கட அந்தச் சாமான் வேலிப் பக்கம் வருது பிள்ளை" என்பார். அவரும் ஒருவகையில் நல்ல மனிதர்தான்.

அந்தச் சாமான் வயலுக்குள் இறங்கிவிடுமோ என்ற பயத்தில் நாங்கள் ஒரு பழக்கம் வைத்திருந்தோம். குட்டி போடும் நாள் நெருங்கினால் தாயின் பின்னங்காலில் கயிறு போட்டு, கூட்டுக்குள்ளேயே முளையடித்துக் கட்டிவிடுவோம். இவருடைய ஊரில் எல்லோரும் அப்படித்தான் செய்வார்களாம். கட்டிய பன்றி முளையைச் சுற்றிச் சுற்றி வரும், வெறும் நிலத்தை மூக்கால் கிண்டும், படுக்கும், ஒரு நாய் குரைத்தால் துள்ளி எழும்பும், மறுபடி தொப்பென்று விழும். விழுகிற இடத்தில் குட்டி இருந்தால் அதன் கதை அவ்வளவுதான்.

காணிக்கு வந்த நாலாம் வருட மாரியில் எங்களுடைய பெரிய பன்றி பதினொரு குட்டி போட்டது. அதை ஓட்டக்காரி என்று சொல்லுவோம். ஆளைக் கண்டால் ஓட்டம், ஆள் போன பிறகும் ஓட்டம். பதினொன்று என்றதும் இவர் சந்தோசத்தில் நிலத்தில் நிற்கவில்லை. மூன்றாம் நாள் விடிய நான் ஒரு பனையோலைப் பெட்டியோடு கூட்டுக்குள் போய், தட்டையாகிக் கிடந்த குட்டிகளைப் பொறுக்கினேன். ஏழு. கையளவுதான் ஒவ்வொன்றும், மழையில் விறைத்துப்போய். மிச்சம் நாலும் மூலையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நடுங்கிக்கொண்டிருந்தன. சிரட்டை ஒன்றைத் தூக்கி ஓட்டக்காரியின் முதுகில் எறிந்தேன். அது திடுக்கிட்டு எழும்பிச் சுழன்றதில் எட்டாவதும் போயிற்று.

பெட்டியைக் கொண்டுவந்து குசினி வாசலில் பொத்தென்று வைத்தேன். இவர் அப்போதுதான் சாப்பிடக் குந்தியிருந்தார்.

"ஏனப்பா எங்கட பண்டியள் மட்டும் இப்பிடி விசரியளாய்க் கிடக்கு? ஊர் உலகத்திலை ஒரு சாதுவான தாய்ப் பண்டி இல்லையோ?"

இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "சாதுவானதெல்லாத்தையும் நாங்கள்தானே நத்தாருக்கு நத்தார் திண்டு முடிச்சனாங்கள்" என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். சொல்லிவிட்டுத் தன் பகிடிக்குத் தானே சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்படியே வெளியே போய் வாய்க்கால் வரம்பில் நடந்தேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நடக்க நடக்கக் கணக்குத் தெளிந்தது. ஒவ்வொரு நத்தாருக்கும், யேசு பிறந்த நாளுக்கு, மன்னாரிலிருந்து இவருடைய அண்ணன் வருவார். காணி கிடைத்த தம்பி வீட்டிலிருந்து ஒரு பன்றி கொடுப்பது முறை. வந்ததும் நான் தவிட்டு வாளியில் தட்டிக் கூப்பிடுவேன். எது முதலில் வருகிறதோ, எது காதைச் சொறிந்தால் கண்ணை மூடிக்கொண்டு நிற்கிறதோ, அதன் காலில் கயிறு விழும். முதல் வருடம் அப்படி ஒன்று. இரண்டாம் வருடம் இரண்டு. மூன்றாம் வருடம், என்னோடு கிணற்றடி வரை கூடவே வருகிற ஒன்று. ஓட்டக்காரியை ஒருவராலும் பிடிக்க முடியாததால் அவள் தாயானாள். அவளுடைய மகள்களில் ஓடினதுகள் தாயாயின. கூப்பிட்டது நான். பிடித்துக் கொடுத்தது நான். பிறகு அந்தப் பிசாசின் முதுகில் சிரட்டை எறிந்ததும் நான்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். இவர் வேறொன்று சொன்னார்.

"இஞ்சரும், நானும் யோசிச்சனான். நெல்லும் இல்லை, குட்டியும் நிக்குதில்லை. அண்ணை கடையைப் பாக்க ஆள் இல்லையெண்டு சொல்லிக்கொண்டு இருக்கிறார். வாற வருசமும் குட்டியள் இப்பிடிச் செத்தால், காணியை விட்டிட்டுப் போவம்."

"எங்கை?"

"வேறை எங்கை, அண்ணை வீட்டைதான்."

மாதாவே! அந்தக் குசினி கண்முன் வந்து நின்றது. உப்புப் பானையும், அதன் மூடியும், மூடியின் மேல் வைத்திருக்கும் கையும். "நான் செத்தாலும் போகன்" என்றேன். "பண்டிக் குட்டியைச் சாகாமல் பாக்கிறன். பாக்கிறனோ இல்லையோ பாருங்கோ."

ஓட்டக்காரிக்கு எப்படியோ ஒரு சாதுவான மகள் பிறந்திருந்தது, அதற்கு முந்தின மாசியில். பத்து மாதத்தில் நல்ல நீளம், பதினாலு முலைக்காம்பு, நெடிய வயிறு. யார் கூட்டுக்குள் போனாலும் மெல்லத் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். படுக்கும்போது முதலில் முன்னங்காலை மடக்கும், பிறகு சரிந்து மெதுவாக இறங்கும். அதைச் சாது என்று கூப்பிட்டோம். அந்த வருட நத்தாருக்கு என்று வைத்திருந்ததும் அதைத்தான்.

அண்ணன் லொறியில் இரண்டு பெடியன்மாரோடு வந்து இறங்கினார். கூட்டைப் பார்த்ததும் நேரே சாதுவின் பக்கம் போய் விலாவில் தட்டினார். "நல்ல சாமான். உதைக் கட்டுங்கோடா."

"அதில்லை அத்தான்" என்றேன். "பெரியதைக் கொண்டு போங்கோ."

"என்ன மச்சாள், பகிடியோ? உந்தக் கிழட்டுப் பண்டியை ஆர் பிடிக்கிறது?"

"நீங்கள் மூண்டு பேர் நிக்கிறியள். பிடியுங்கோ."

இவர் தலையைக் குனிந்துகொண்டு கிணற்றுக் கப்பியைத் திருத்துகிற மாதிரி நின்றார். தமையனுக்கு முன்னால் இவருக்கு வாய் வராது. நான் சாதுவின் கூட்டு வாசலில் போய்க் காலை அகட்டி நின்றேன். அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளி, மூத்தவர், ஒரு பெண்ணைத் தள்ளிவிட்டு உள்ளே போக முடியாதே. "சரி, அதைத்தான் அவிழ்த்து விடுங்கோ பாப்பம்" என்றார்.

அவிழ்த்ததுதான் தாமதம். ஓட்டக்காரி ஒரு பெடியனின் காலுக்குள்ளால் புகுந்து, அவனைச் சேற்றில் உருட்டிவிட்டு, வேலியைப் பிய்த்துக்கொண்டு பக்கத்து வயலில் இறங்கியது. முழங்கால் உயரப் பச்சை நெல். அதற்குள் அது, அதன் பின்னால் அண்ணன், பின்னால் சாரத்தை மடித்துக்கட்டிய பெடியன்மார், பின்னால் நான். வயல்காரர் வரம்பில் குடையோடு நின்றார். அது அவரை நோக்கி வர, மனிதர் குடையை விரித்து முன்னால் பிடித்துக்கொண்டு, "பண்டி! பண்டி! ஐயோ பண்டி!" என்று கத்தினார். வாழ்நாளில் சொல்லாத சொல்லை ஒரே மூச்சில் சொல்லி முடித்தார். குடையைக் கண்டு திரும்பிய ஓட்டக்காரி வாய்க்காலுக்குள் விழுந்தது. அங்கேதான் பிடித்தார்கள்.

நத்தார் கழிந்து அண்ணனிடமிருந்து வந்த செய்தி, இறைச்சி மாட்டுத் தோல் மாதிரி இருந்ததாம், பல் போயிற்றாம். சேர்ந்தே இன்னொன்றும் வந்தது: கடைக்கு ஆள் வேறு தேடவில்லை, தம்பிக்காக வைத்திருக்கிறாராம். இவர் அதை இரண்டு தரம் எனக்குச் சொன்னார்.

தைப் பொங்கல் கழிந்த கையோடு சாதுவுக்கு ஆண் தேடினேன். எங்களிடம் இருந்த ஆண் ஓட்டக்காரியின் மகன், அது ஆகாது. மாங்குளத்துக்கு அப்பால் ஒரு வேதக்காரக் குடும்பம் பன்றி வளர்ப்பதாகக் கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்டு மனுசி தன்னுடைய ஆண் பன்றியைக் காட்டினா. "அதை விடுங்கோ அக்கா, உதின்ரை தாயைக் காட்டுங்கோ" என்றேன். சம்பந்தம் பேசப் போனவள் மாதிரித் தாயைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். போன முறை எத்தனை போட்டது என்று கேட்கவில்லை. எத்தனை பால்குடி மறந்தது என்று கேட்டேன். "பத்திலை ஒன்பது நிண்டது" என்றா. தாய் வைக்கோலில் படுத்திருந்தது, நான் கிட்டப் போயும் எழும்பவில்லை. அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. அந்தக் கிழமையே அதன் மகனை வண்டியில் கொண்டுவந்து சாதுவோடு விட்டோம்.

கால்நடைப் பகுதியிலிருந்து மாதம் ஒருமுறை வருகிற ஓர் இளம் உத்தியோகத்தர் இருந்தார். மூக்கில் கைலேஞ்சி பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்றுதான் கதைப்பார். குட்டி நசியாமல் இருக்க என்ன வழி என்று அவரிடம் கேட்டேன். சுவரோரம் ஒரு சாண் உயரத்தில், சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, சுற்றிவரத் தடி கட்டச் சொன்னார். தாய் சாயும்போது குட்டி தடிக்குக் கீழே தப்பிக்கொள்ளுமாம். கட்டிப் போடக் கூடாது, கூடு கட்ட வைக்கோல் கொடுக்க வேண்டும் என்றார். "வேறை என்ன?" என்றேன். "வேறை ஒண்டும் இல்லை அக்கா. பிறகு நீங்கள் கிட்டப் போகாமல் இருந்தால் சரி" என்றார்.

தடி கட்டுவது சுகம், லேசான வேலைதான். பாலைத் தடி வெட்டிவந்து நானே கட்டினேன். கயிறு இல்லாமல் விடுவதற்குத்தான் இவர் பயந்தார். "வயலுக்குள்ளை இறங்கினால் ஆர் பதில் சொல்லுறது?" சாது எங்கே இறங்கப் போகிறது? கூட்டுக் கதவு திறந்திருந்தாலும் அது உள்ளே படுத்துக் கிடந்தது. வைக்கோல்தான் எங்களிடம் இல்லை. இருந்தது மாரியில் நனைந்து உக்கிப்போயிருந்தது. ஒரு நாள் வேலிக்கு மேலால் மூன்று கட்டு வந்து விழுந்தது. மறுபக்கத்தில் பக்கத்து வயல்காரர். "அந்தச் சாமானுக்கு" என்றுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். நெல்லை உழக்கியதற்கு அவர் இன்னும் திட்டவில்லையே என்று நான் காத்திருந்தேன். வைக்கோல் வந்தது.

வைகாசியில், கச்சான் காற்று புழுதியை அள்ளி எறிந்த ஒரு நாள், காலையிலேயே சாது வைக்கோலை வாயால் அள்ளி அள்ளி ஒரு மூலையில் குவித்தது. மூக்கால் குழி செய்து, சுற்றிவந்து, மறுபடி அள்ளியது. முளையில் கட்டிய பன்றிகள் வெறும் நிலத்தைக் கிண்டியது இதற்குத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. மத்தியானம் தாண்டி முதல் குட்டி வந்தது. பிறகு இரண்டு. பிறகு ஒன்று.

நான் என்ன செய்தேன்? கிட்டப் போகாமல் இருக்க வேண்டியதுதானே? முடியவில்லை. ஒன்று காம்பைப் பிடிக்கவில்லை என்று போய்ப் பிடித்து வைத்தேன். சாக்கு விரித்தேன். வந்தேன். மறுபடி போனேன். வைக்கோல் ஈரமாகிவிட்டதென்று இழுத்தேன். ஒவ்வொரு தரமும் சாது தலையைத் தூக்கியது. ஆறாவதோ ஏழாவதோ தரம் நான் தடியில் கால் தடக்கி விழப் பார்க்க, அது பயந்து எழும்பிவிட்டது. எழும்பினது மறுபடி படுத்தபோது, நான் இழுத்துவிட்ட வைக்கோலில் வழுக்கிச் சரிந்தது. ஒரு குட்டி கத்தியது. சின்னக் கத்தல். பிறகு கத்தவில்லை.

இவர் வந்து என் தோளைப் பிடித்து வெளியே இழுத்தார். கலியாணம் கட்டிய நாள் முதல் அப்படிப் பிடித்ததில்லை. "அது ஓடேல்லை. நீர்தான் ஓடுறீர். இனி உள்ளை கால் வைச்சீர் எண்டால் நான் இண்டைக்கே மன்னாருக்குப் போவன்" என்றார்.

வாயைத் திறந்தேன், திட்டுவதற்கு. ஆனால் உண்மைதானே, அந்தக் குட்டியை நான்தான் கொன்றேன். வேப்பமரத்தடியில் உரலைக் கவிழ்த்து அதில் குந்தினேன். சீலைத் தலைப்பை இரண்டு கையிலும் சுற்றிக்கொண்டேன், கை தானாகவே எழும்பிப் போய்விடும் போலிருந்தது. காற்று கண்ணில் மண்ணை அடித்தது. கூட்டுக்குள் ஒரு சத்தம் கேட்டால் கால் துடிக்கும், பல்லைக் கடிப்பேன். செபம் சொன்னேன்; பாதியில் மறந்து தொடக்கத்திலிருந்து சொன்னேன். பிள்ளை பெறுகிற வலி இப்படி இருக்குமோ என்று நினைத்தேன், அப்போது எனக்குப் பிள்ளை இல்லை. பிறகு பெற்றும் பார்த்தேன். அது இதைவிடச் சுகம், அதில் செய்வதற்கு ஏதாவது இருந்தது.

பொழுது சாயும்போது இவர் கூட்டுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு வந்தார். "பத்து. செத்தது அந்த ஒண்டுதான்."

ஒன்பதும் நின்றன. மூன்று நாள் கழிய ஒன்பது. ஒரு கிழமை கழிய ஒன்பது. சாது சரியும்போது முனகும். அந்த முனகலுக்குக் குட்டிகள் தடிக்குக் கீழே ஓடிப்போய் ஒதுங்கும். இரண்டு மாதத்தில் ஒன்பதும் பால்குடி மறந்து என் காலைச் சுற்றின. இவர் தமையனுக்குக் கடிதம் எழுதினார்: கடைக்கு வேறு ஆளைப் பாருங்கோ அண்ணை. எழுதி முடித்து எனக்கு வாசித்துக் காட்டினார். நான் அதைப் பறித்துக்கொண்டு ஓடிப்போய்த் தபாலில் போட்டேன், மனம் மாறிவிடுவாரோ என்று பயந்து.

பிறகு மார்கழி வந்தது. லொறியும் வந்தது. நான் ஒரு திட்டம் வைத்திருந்தேன், நல்ல திட்டம். ஐந்து பெட்டைகளும் தாயாக வேண்டியவை, அவற்றில் கை வைக்கக் கூடாது. நாலு ஆணில் எது மிரள்கிறதோ, எது வெருண்டு ஓடுகிறதோ, அதுதான் நத்தாருக்கு. இனி எப்போதும் இதுதான் சட்டம். அண்ணனிடமும் சொன்னேன். "சரி மச்சாள், உங்கட பண்டி, உங்கட சட்டம்" என்றார். மனிதர் சிரித்தார்.

நாலையும் வெளியே விட்டோம். பெடியன்மார் கயிற்றோடு நின்றார்கள். ஒன்றும் ஓடவில்லை. ஒரு பெடியன் கையைத் தட்டினான். ஒன்று அவனுடைய காலை மோந்துபார்த்தது. அண்ணன் "ஹேய்" என்று அதட்டினார். நாலும் திரும்பி என்னிடம் வந்தன. ஒன்று என் சீலையை வாயால் இழுத்தது, ஒன்று காலில் முதுகைத் தேய்த்தது.

"எது மச்சாள்?" என்றார் அண்ணன்.

நான் இவரைப் பார்த்தேன். இவர் நிலத்தைப் பார்த்தார். நாலும் ஒரே மாதிரி. நாலும் நான் பஸ் ஏறிப்போய்த் தேடிக் கொண்டுவந்த குணம். குறை சொல்லி ஒன்றைக் கழிக்க எனக்கு ஒரு குறை வேண்டியிருந்தது. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை.

"நேரம் சுணங்குது மச்சாள். எதையாவது சொல்லுங்கோ."

கிட்ட நின்றதைத் தொட்டேன். வேறு காரணம் ஒன்றும் இல்லை, அது கிட்ட நின்றது. பெடியன் குனிந்து பின்னங்காலில் கயிறு போட்டான். அது காலை உதறவில்லை. என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த தவிட்டை நக்கிக்கொண்டு நின்றது. முடிச்சு இறுகும்வரை நான் கையை எடுக்கவில்லை. எடுத்தால் அது பயந்துவிடும்.